தையல்நாயகி கூப்பிட்ட வீடு

சென்ட் ஓரேல் என்ற அந்தத் தீவில் கரும்புக்காடு இருந்த காலத்தில் வேலையாட்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, வீடு மட்டும்தான் சொந்தம் என்பதால், மண்ணில் கால் ஊன்றாமல் நாலு மூலைக்கு நாலு கல்லை வைத்து அதன்மேல் பலகை வீட்டை உட்கார்த்தி, துரைக்குக் கோபம் வந்து விரட்டினால் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய், அங்கேயும் விரட்டினால் அதற்கடுத்த தோட்டத்துக்குப் போய், இப்படியே நூறு நூற்றைம்பது வருஷம் போய்ப் போய்க் கடைசியில் வீடுகளுக்கே போகிற பழக்கம் வந்துவிட்டது என்றும், அதனால் அந்த ஊரில் ஆளில்லாத வீட்டைப் பார்த்து நலம் விசாரிக்கலாம், புகழலாம், போட்டோ எடுக்கலாம், ஆனால் வா என்று மட்டும் கூப்பிடக் கூடாது என்றும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலில் கொடுத்த தாளில் குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று போட்டிருந்தது. இதைப் போடவில்லை.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் சம்பந்தி தையல்நாயகிக்கும். என் பெயர் சங்கரவடிவு. தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சம்பந்திக்கு மாயவரம். அவர் மகள் அபிராமியை என் மகன் குற்றாலநாதன் கட்டியிருக்கிறான். இரண்டு பேருக்கும் ஃபுளோரிடாவில் வேலை. இரண்டு அம்மாக்களையும் ஒரே தடவையில் சந்தோஷப்படுத்திவிடலாம் என்று பிள்ளைகள் எங்களை ஏழு நாள் உல்லாசக் கப்பலில் ஏற்றிக் கரீபியன் கடலுக்குள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாலாம் நாள் கப்பல் இந்தத் தீவில் நின்றபோது பேரனுக்குக் காய்ச்சல். பிள்ளைகள் கேபினிலேயே இருந்துகொண்டார்கள். டாக்சி பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு நாலரைக்குள் வந்துவிடுங்கள் என்றான் நாதன். நான்தான், "ஊரப் பாக்கணும்னா கால்ல நடந்து பாக்கணும். டாக்சில போனா டாக்சியத்தான் பாக்கலாம்" என்று சொல்லிச் சம்பந்தியை நடத்திக் கூட்டிப்போனேன். அந்தத் திமிர் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் விடைபெற்றாலும் எங்க ஊருக்கு வாங்க என்று சொல்லாமல் நகர மாட்டார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிடுவார், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரியைக் கூப்பிடுவார், துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போகிற கப்பல் பணிப்பெண்ணைக் கூப்பிடுவார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, கூப்பிடுகிற அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். இதில் சங்கடம் என்னவென்றால், கூப்பிட அவருக்கு வீடு கிடையாது. கணவர் தவறியதும் மாயவரத்து வீட்டை விற்றாயிற்று. ஆறு மாதம் மகளோடு ஃபுளோரிடாவில், ஆறு மாதம் மகனோடு பெங்களூரில். பெங்களூரில் அவர் படுப்பது மருமகளின் கம்ப்யூட்டர் இருக்கிற அறையில், அவளுடைய மீட்டிங் முடிந்த பிறகு.

நானும் கூப்பிடுகிறவள்தான். கல்யாணமான இந்த ஆறு வருஷமாக ஒவ்வொரு போனிலும், "தென்காசிக்கு வாங்க சம்பந்தி, சாரல் சமயத்துல வந்து ஒரு பத்து நாள் இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. அதில் காலமான என் வீட்டுக்காரரின் எழுதுமேசையும் நாதனின் பழைய பெட்டிகளும் அடைத்துக் கிடக்கின்றன. கூப்பிடும்போது அதை ஒதுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. அவரும் "அவசியம் வர்றேங்க" என்பார், வந்ததில்லை. இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்திலிருந்து கடைத்தெரு வழியாக, புயல் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போன தேவாலயத்தைத் தாண்டி, மேடேறி மேடேறி, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற ஒரு சாலைக்கு வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சீமைப்பலா மரத்தடியில் ஒரு சின்ன வீடு தனியாக நின்றது. பச்சை வண்ணம் உரிந்த பலகைச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, ஒற்றைக் கதவு, முன்னால் மரப்படி. சம்பந்தி அப்பாடா என்று படியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் நிழலில் இருந்தோம், தண்ணீர் குடித்தோம். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டவர் கதவு நிலையைக் கையால் தொட்டு, "நல்ல நெழலு குடுத்தீங்க. போயிட்டு வர்றோம். நீங்களும் ஒரு தடவ எங்க ஊருப் பக்கம் வாங்க" என்றார்.

"சுவத்தக்கூட விட மாட்டியளா சம்பந்தி?" என்று நான் சிரித்தேன்.

இருநூறு அடி நடந்திருப்போம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் பின்னால் கேட்டது. நின்றோம், அதுவும் நின்றது. நடந்தோம், அதுவும் நடந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த வீடு சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தது. மரத்தடியில் அது இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த நாலு கல்லும் வெயிலே படாத வெளுப்போடு தனியாகக் கிடந்தன.

"சம்பந்தி, திரும்பாம நடங்க" என்றேன்.

திரும்பாதே என்றால் யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்? அவர் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ, வந்துருச்சே!" என்றார். அந்தக் குரலில் பயத்தோடு கூட வேறு என்னமோ ஒன்று இருந்தது. அது என்ன என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

நிறைமாதக்காரி போல ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அவசரமே படாமல் அது வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன், குறுக்குப் பாதை ஒன்றில் புகுந்தேன், ஆட்டுக்கொட்டில் ஒன்றைச் சுற்றினேன், மறுபடி சாலைக்கு வந்தால் அது அதே தூரத்தில், ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நின்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், சாத்தியிருந்த கதவு இப்போது ஒரு சாண் திறந்திருந்தது.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஊர். யாராவது அலறியிருந்தால், யாராவது ஓடியிருந்தால், சிலுவை போட்டுக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். ஒருவரும் அலறவில்லை. கொடியில் துணி காயப்போட்டிருந்த ஒரு பெண் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்கு வழிவிட்டு, அது போனதும் மறுபடி கட்டிக்கொண்டாள். ஒரு ஆள் நீளமான மூங்கிலைக் கொண்டுவந்து தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியைத் தூக்கிப்பிடித்தான், கூரை அதன் அடியில் குனிந்து போயிற்று. எதிரே வந்த பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார் டிரைவர். உள்ளே இருந்தவர்கள் இறங்கி நின்று, கல்யாண ஊர்வலம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள், எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் முன்னால் போய் விசில் ஊதி ஆடுகளை விரட்டினார். ஒரு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே, "நீங்க எத்தனை பேர்? நாளைக்குச் சாப்பாடு நான் அனுப்புறேன், முதல் நாள் அடுப்பு சரியா எரியாது" என்று சொன்னாள். அவர்கள் இங்கிலீஷை நான்தான் சம்பந்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

தபால்காரர் ஒருவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் நடந்தபடி, "வீட்டுப் பெயருக்குக் கீழே எந்தப் பெயரை எழுதட்டும்?" என்று கேட்டார். பெயர் என்ற வார்த்தை சம்பந்திக்குத் தெரியும். மரியாதையாக ஒருவர் கேட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. "தை... யல்... நா... யகி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். தபால்காரர் எழுதிக்கொண்டு தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"ஏன் சம்பந்தி பேரச் சொன்னிய?"

"கேட்டாரே, பாவம்" என்றார்.

கடைத்தெரு முனையில் எர்மின் என்ற பெண் தள்ளுவண்டியில் இளநீர் விற்றாள். காலையில் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தவள் அவள்தான். மஞ்சள் தலைத்துணி கட்டி, நல்ல ஆகிருதியாக இருப்பாள். எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் பார்த்தாள், அரிவாளைக் கீழே வைத்தாள்.

"உங்க ரெண்டு பேர்ல யார் டார்லிங் கூப்பிட்டது?" என்று கேட்டாள்.

நான் சம்பந்தியைக் காட்டினேன். சும்மா மரியாதைக்குச் சொன்னது, எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவோம், கூப்பிட்டால் உடனே யாரும் வந்துவிட மாட்டார்கள் என்று விளக்கினேன். எர்மினுக்கு அது புரியவே இல்லை. "வரக் கூடாதுன்னா எதுக்குக் கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

பிறகு அவள் சொன்னாள். கூப்பிட்டவர் உள்ளே போனால் வீடு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதோடு அது நடக்காது.

"உள்ள போயிட்டு உடனே வெளிய வந்துரலாமா?"

"வரலாம். கதவை யாரும் பூட்டறதில்ல" என்றாள் எர்மின். "ஆனா இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. வரணும்னு தோணாது போல."

உள்ளே போகாவிட்டால் பின்னாலேயே வரும், தண்ணீரில் இறங்கினாலும் வரும் என்றாள். வேறு வழியே இல்லையா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எர்மின் யோசித்தாள். ஒரு வழி இருந்தது. வேறு வீட்டுக்காரர் யாராவது, இந்த வீட்டின் முன்னால் நின்று, கூப்பிட்டவரைத் தன் வீட்டுக்கு மனதாரக் கூப்பிட்டால் இது நின்றுவிடும். தங்க இடம் உள்ளவர்களை வீடுகள் எடுத்துக்கொள்வதில்லை.

"மனசாரக் கூப்பிடணும்" என்றாள் மறுபடியும். "வாயால சொன்னா அதுக்குத் தெரிஞ்சுரும்."

அபிராமிக்கு எர்மினின் போனிலிருந்து அடித்தோம். கப்பலில் இணைப்பு கிடைக்கவில்லை. பெங்களூருக்கு அடிக்கலாம் என்றேன். "அங்க இப்ப நடுராத்திரிங்க. அவனுக்குக் காலைல ஆபீசு, எழுப்ப வேணாம்" என்றார் சம்பந்தி. வீடு முப்பது அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கதவு இப்போது பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரில், நம் ஊரில் மளிகைக்கடைக்காரர்கள் கொடுக்கிற தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கியது. இன்றைய தேதி வரைக்கும் கிழித்திருந்தது.

இது ஒரு விஷயமா, நான் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டு, மைதானத்தில் அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கிற குரலில், "சம்பந்தி, நீங்க எங்க வீட்டுக்கு வாங்க! எத்தன நாள் வேணும்னாலும் இருங்க!" என்றேன்.

வீடு ஐந்து அடி முன்னால் வந்தது.

சாலையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை, ஆனால் வீடு நகர்ந்தது புரிந்தது. எனக்குக் காது சுட்டது. இன்னும் சத்தமாக, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சத்தியமா சொல்லுதேன், வாங்க!" என்றேன். அது பத்து அடி வந்தது. மூன்றாம் தடவை சொல்ல வாயைத் திறந்தபோது சம்பந்தி என் கையைத் தொட்டார்.

"விடுங்க சம்பந்தி" என்றார். "இதுல என்ன இருக்கு. நாமெல்லாம் அப்படித்தானே பேசிக்கிறது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். ஊர் பேர் தெரியாத தேசத்தில், முன்பின் தெரியாத நாற்பது பேர் நடுவில், ஆறு வருஷமாக நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது இன்னதுதான் என்று ஒரு பலகை வீடு அளந்து காட்டிவிட்டது. வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தால் ஓடத்தான் தோன்றும். மணி நாலு. அபிராமியை நேரில் பிடித்துவிடலாம், பெற்ற மகள் கூப்பிட்டால் நிற்காதா என்று சம்பந்தியை இழுத்துக்கொண்டு கப்பலைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஊரும் கூட வந்தது. எர்மின் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். மீன் விற்றவர்கள் கூடையை மூடிவிட்டு வந்தார்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் எங்களுக்கு உதவவும் இல்லை. நடக்கப்போவது நடக்கும்போது பக்கத்தில் இருப்பதுதான் அண்டை வீட்டார் செய்ய வேண்டியது என்பது போல வந்தார்கள்.

துறைமுகத்தில் கப்பல் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. மேலே கம்பியைப் பிடித்தபடி நூற்றுக்கணக்கான தலைகள். அதில் அபிராமி எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கத்தினேன், காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கப்பலுக்கு ஏறும் பாலத்தின் அடியில் இரண்டு சிப்பந்திகள் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி எங்களைக் கூப்பிட்டார்கள். பின்னால் திரும்பினேன். வீடு பத்தே அடியில் இருந்தது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே விட்டத்திலிருந்து பித்தளைச் சங்கிலியில் ஒரு ஊஞ்சல் பலகை தொங்கி, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க மாயவரத்து ஊஞ்சலுங்க" என்றார் சம்பந்தி. குரல் எங்கேயோ இருந்து வந்தது. "வித்தவங்க கிட்ட இத மட்டும் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க."

அப்போது எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. வீட்டைப் பார்த்து வந்த பயம் இல்லை அது. இந்த மனுஷி இல்லாமல் நான் அந்தப் பாலத்தில் ஏறப்போகிறேன் என்கிற பயம். யோசிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, வாய் தானாகப் பேசிற்று.

"கெழக்கப் பாத்த ரூம்பு ஒண்ணு இருக்கு சம்பந்தி. அவங்க மேச கெடக்கு, அத மாடிக்கு ஏத்திருவேன். நாதன் பெட்டிய எல்லாம் தூக்கிக் குடுத்துருவேன். காலைல ஜன்னலத் தொறந்தா மலை தெரியும். ராத்திரி எனக்கு ஒறக்கம் கெடயாது, பேச ஆளில்ல. பத்து நாளு இல்ல, இருந்துருங்க. வாங்க, என்கூட வந்துருங்க."

வீடு நின்றது. பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெட்டி முறித்து ஓய்ந்தன. ஊஞ்சல் நின்றது. பின்னால் இருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எர்மின் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போங்க, போங்க" என்று கையை வீசினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பந்திக்கும் கண் நிறைந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷங்க" என்றார். "நெசமாத்தான் சொல்றீங்க. அதுக்கே தெரிஞ்சுருச்சு பாருங்க."

"சரி, வாங்க, நேரமாச்சு."

அவர் நகரவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வந்துருச்சே" என்றார். "நான் எத்தனையோ பேர கூப்பிட்டிருக்கேன் சம்பந்தி. வந்தது இது ஒண்ணுதான். வந்தவங்கள வாசல்லயே நிறுத்திட்டு நாம பாட்டுக்குப் போறது மொறையா? அஞ்சு நிமிசம் உள்ள போயி ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடியாந்துடறேன்."

"வேண்டாம்!" என்று கத்தினேன். கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக, குழந்தையின் விரலைப் பிரிக்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே பிரித்தார். செருப்பைக் கழற்றிப் படியின் ஓரமாக ஜோடியாக வைத்தார். நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். நானும் வாசலுக்கு ஓடினேன். படியில் கால் வைக்கும் தைரியம் வரவில்லை. ஐந்தடி உயரக் கதவுக்கு முன்னால், முப்பத்திரண்டு வருஷம் பெண்பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்த நான், ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன்.

வீடு மெதுவாக, களைத்துப்போன பசு மடங்குகிற மாதிரி, நாலு மூலையும் தாழ்ந்து துறைமுகத்துத் தரையில் உட்கார்ந்தது. கூட்டத்தில் ஆண்கள் நாலு கல்லைத் தேடிக்கொண்டு வந்து மூலைக்கு ஒன்றாகச் சொருக ஆரம்பித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சாப்பாடு அனுப்புகிறேன் என்ற அம்மாள் ஒரு சீமைப்பலாவைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். கப்பல் ஊதியது.

ஜன்னல் திறந்தது. சம்பந்தி தெரிந்தார். தலையைச் சீராகப் பின்னியிருந்தார், எப்போது பின்னினார் என்று தெரியவில்லை. அவரை நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும், எங்கே இருந்தாலும் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அந்த ஜன்னலில் அவர் இரண்டு கையையும் விரித்து ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அங்கேயே நிக்கறீங்களே? உள்ள வாங்க" என்றார்.

என்னைச் சம்பந்தி என்று அவர் சொல்லவில்லை. அவர் மனதாரக் கூப்பிட்டார், அதில் சந்தேகமே இல்லை. தூக்கிய என் கால் தானாகவே படியை நோக்கி இறங்கியது. அந்தப் பயத்தில், தப்பித்தால் போதும் என்கிற அவசரத்தில், ஊரில் எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேரிடம் சொன்னதையே சொன்னேன்.

"இன்னொரு நாள் கண்டிப்பா வர்றேன்."

தமிழில் இருந்தாலும் அது ஏதோ வாக்கு என்று எர்மினுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். கல் சொருகிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தபால்காரர் பென்சிலை எடுத்தார்.

"எந்த நாள்?" என்று கேட்டாள் எர்மின். கேலியாகக் கேட்கவில்லை. அத்தனை பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், வீடும் காத்திருந்தது. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கடைத்தெருவில் பார்த்திருந்தேன்.

"மார்ச் ஏழு" என்றேன்.

கப்பலில் அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருந்தார்கள். பயணி தன் விருப்பத்தில் தங்கிவிட்டார் என்று போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அபிராமி மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று கரை மறையும் வரை கத்தினாள். அவள் அம்மா ஜன்னலிலிருந்து எல்லோருக்கும் கையசைக்கிற மாதிரி கையசைத்தார். வாரத்துக்கு ஒரு தடவை எர்மினின் போனில் அபிராமி பேசுவாள். முதல் வாரம் பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாராம். மூன்றாம் வாரம் எந்தப் பேரன் என்று கேட்டாராம். போன வாரம் அபிராமி பேசி முடித்ததும், "ரொம்ப நல்லா பேசறீங்கம்மா. நீங்க ஒரு தடவ எங்க வீட்டுக்கு வாங்களேன்" என்று சொந்த மகளிடம் சொல்லியிருக்கிறார். அபிராமி அன்றைக்கே டிக்கெட் எடுக்கக் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். தேதி சொன்னவள் நான், முதலில் நான் போய் வாசலில் நின்று பேசிப் பார்க்கிறேன் என்றேன். கிழக்கு அறையை ஒதுக்கிவிட்டேன். மேசை மாடிக்குப் போய்விட்டது. அவர் வெளியே வந்தால் இருக்க இடம் இருக்கிறது. வருவாரா, வாசலில் நிற்கும்போது என் கால் நான் சொன்னபடி கேட்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

இன்று விமான நிலையத்திலிருந்து நாதனுக்குப் போன் செய்து, "போறேன்ப்பா" என்றேன்.

"என்னம்மா இது, போயிட்டு வர்றேன்னு சொல்லும்மா" என்றான்.

நான் சொல்லவில்லை. அவன் இரண்டு தடவை கேட்டான். போனை வைக்காமல் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.